சுருதி சேராத காடி

இல்ல இல்ல, கீழ வைக்காதீங்க தம்பி, மடியிலயே வச்சுக்கங்க. கால் மிதி பூரா ஈரம், உங்க சப்பாத்துலேர்ந்தே ஒரு ஆறு ஓடுது. பின்னால வைக்கலாம்னா எடம் ஏது, பாக்குறீங்கல்ல, பரிசுக் கோப்பைங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு. கனந்தான், தெரியும். மடியில கனமில்லேன்னா வழியில பயமில்லன்னு சொல்லி வச்சாங்க. கனம் இருந்தா என்ன செய்யணும்னு யாரும் சொல்லி வைக்கல. பெல்ட்ட பெட்டிக்கு மேலயே இழுத்துப் போட்டுக்கங்க.

குளுவாங் பஸ் ஸ்டேஷன் வரைக்குந்தானே? நான் கோயில் மண்டபத்துக்குப் போறேன், அங்கேர்ந்து நீங்க நடந்தே போயிரலாம். ரிப்பேரான மோட்டார்சைக்கிள அந்தச் சீனர் ஒர்க்‌ஷாப்லயே விட்டது நல்லது. ஞாயித்துக்கிழம ரெங்கத்துல நின்னுகிட்டு பஸ் வரும்னு நம்புறது இருக்கே, அது பக்தில சேர்த்தி.

பாட்டா? போடலாம், போடலாம், அவசரம் என்ன. மொதல்ல நீங்க ஏறும்போது சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க. செனாய்ல பேக்டரி. மெஷின் சத்தம் ஜாஸ்தி, காதுல அடைப்பான் போட்டுகிட்டுத்தான் வேல. சரி. அதனால வருஷா வருஷம் காது டெஸ்ட் வைக்கிறாங்க. போன மாசம் வச்சாங்களா? வேன்லயே கூண்டு மாதிரி கட்டி, உள்ள உக்கார வச்சு, சத்தம் கேட்டா பட்டன அமுக்கணும். பாஸா? ரெண்டு காதுமா? நல்லது. ரொம்ப நல்லது.

ஏன் கேக்குறேன்னா, இந்தக் காடிக்குள்ள ஒரு சத்தம் இருக்கு தம்பி. குளுவாங் போய்ச் சேர்றதுக்குள்ள அது எங்கேர்ந்து வருதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். விளையாட்டுக்குச் சொல்லல. இன்னிக்கு அங்க திருமுறைப் போட்டி, மாநில அளவு. நான் நீதிபதி. கோர்ட்டு நீதிபதி இல்ல லா, பயப்படாதீங்க. பிள்ளைங்க தேவாரம் பாடும், நாங்க மூணு பேரு உக்காந்து மார்க்கு போடுவோம். உச்சரிப்புக்கு ஒருத்தர், பாவத்துக்கு ஒருத்தர், சுருதிக்கு நான். இந்தச் சத்தத்த வச்சுகிட்டு நான் அங்க போயி உக்கார முடியாது. தீத்துட்டுத்தான் உக்காரணும்.

எதுன்னு கேட்டா, ஆம்ப். காடில பாட்டக் கூட்டிக் குடுக்குற பெட்டி. இப்ப வர்றதெல்லாம் சோப்பு டப்பா அளவுதான். என்னுது பழசு, ஜப்பான்ல செஞ்சது. முதுகு பூரா சீப்பு மாதிரி அலுமினியப் பல்லு இருக்கும், சூடு போறதுக்கு. என் மச்சான் பிரேமகுமார் சிங்கப்பூர்ல வேல பாத்தப்ப வாங்கிக் குடுத்தான், எனக்குக் கல்யாணம் ஆன புதுசுல. கொஞ்ச வருஷம் பாடிட்டுச் செத்துப் போச்சு. நீங்க உக்காந்திருக்கீங்கல்ல, அந்த சீட்டுக்கு அடியிலதான் அதுக்கு எடம். ரிட்டையர் ஆன ஒடனே அத உயிர்ப்பிச்சுப் பாக்கலாம்னு தோணுச்சு. இஸ்கோல்ல பிசிக்ஸ் வாத்தியாரு நான். ரிட்டையர் ஆன வாத்தியார் கையில ஸ்க்ரூட்ரைவர் குடுக்காதன்னு ஒரு பழமொழி இருந்திருக்கணும். எப்படியோ விட்டுட்டாங்க.

மூடியக் கழட்டுனேன். அலமாக், உள்ள கெப்பாசிட்டர் எல்லாம் வயிறு வீங்கி, அடியில ஒழுகி, போர்டுல செம்புக் கோடெல்லாம் பச்ச பூத்துக் கெடக்கு. கெப்பாசிட்டர்னா வேற ஒண்ணுமில்ல, மாடில தண்ணித் தொட்டி வைக்கிறோம்ல, அந்த மாதிரி. கரண்ட்டத் தேக்கி வச்சுச் சீரா விடும். அத எடுக்கறதுக்கு சால்டரிங் அயர்ன வச்சேன் பாருங்க, ஒரு வாட. மெர்சிங் ஜெட்டில கருவாடு காயுமே, அந்த வாட. கஸ்தூரி, என் வீட்டுக்காரி, சமையக்கட்டுலேர்ந்து எட்டிப் பாத்து, வெள்ளிக்கிழமையும் அதுவுமா மீன் யாரு வாங்குனதுன்னு சண்டைக்கு வரா.

புதுசு வாங்கிப் போட்டா, எல்லாம் குட்டிக் குட்டியா வருது. பெரியப்பா சட்டையப் போட்டுகிட்ட மாதிரி ஒவ்வொண்ணும் அது எடத்துல ஆடுது. அது போகட்டும், வேல செய்யுது. டிரான்சிஸ்டர் இருக்கு பாருங்க, அது இப்ப யாரும் செய்யறதில்ல. இண்டர்நெட்ல ஒருத்தன் இருக்குன்னான். வந்துச்சு. மேல அச்சடிச்ச நம்பர விரல்ல தேச்சா கையோட வருது. கள்ளச் சரக்கு. போட்ட ஒடனே டப்புனு ஒரு சத்தம், புகை, பியூஸ் போச்சு. மறுபடி தேடி, வேற எங்கேயோ ஒரு செத்த ஆம்ப வாங்கி, அதோட வயித்துலேர்ந்து எடுத்து இதுல வச்சேன். ஒடம்புதானம் மாதிரி. கஸ்தூரி கேட்டா, இவ்வளவு அக்கறையா என் மூட்டு வலியப் பாத்திருந்தா நான் இந்நேரம் மலை ஏறியிருப்பேனேன்னு. பதில் சொல்லக் கூடாத நேரம் ஒண்ணு இருக்கு.

கடைசில பாட்டு வந்துச்சு தம்பி. கூடவே அதுவும் வந்துச்சு.

இரைச்சலா? இல்ல, அத மட்டும் திருத்திக்கங்க. இரைச்சல்னா இந்த மழ மாதிரி, எல்லா சுருதியும் ஒண்ணாச் சேந்து அடிக்கிறது. இது ரீங்காரம். ஒத்தச் சுருதி. வண்டு முரலும்பாங்களே, அது. எஞ்சின் வேகம் ஏற ஏற அதுவும் ஏறும். ரெண்டாவது கியர்ல வண்டு, மூணாவதுல கொசு, நாலாவதுல ரயில் விசிலு. பிள்ளைங்களுக்குச் சுருதி ஏறி எறங்குறத சொல்லிக் குடுக்க வேணா ஆகும், பாட்டு கேக்க ஆகாது.

குளுவாங்ல மூர்த்தின்னு ஒருத்தன். காடி பாட்டுக் கட வச்சிருக்கான். கட முன்னால நின்னா நம்ம நெஞ்செலும்பு தாளம் போடும், அந்த மாதிரி ஸ்பீக்கரு. நான் படிச்சுக் குடுத்த பையன்தான். அவன் பாத்தான். எர்த் வயர் சாயத்துக்கு மேல முறுக்கியிருக்கீங்க சார், சொரண்டிட்டு வெறும் இரும்புல முறுக்கணும்னான். முறுக்குனான். போயிருச்சு. ஏறி எறங்குற ரீங்காரம் சுத்தமாப் போச்சு. அதுல அவனக் குத்தம் சொல்ல மாட்டேன்.

ஆனா அது போன எடத்துல வேற ஒண்ணு நின்னுச்சு. ரொம்ப மெல்லிசு. இது ஏறல, எறங்கல. எந்த கியர்னாலும் ஒரே எடம். மேல் பஞ்சமத்துக்கு ஒரு மயிரிழ கீழ. சரியாப் பஞ்சமத்துல நின்னாக்கூடப் பொறுத்துக்குவேன் தம்பி, தம்புரான்னு நெனச்சுக்கலாம். மயிரிழ கீழ நிக்குது. வேணும்னே நிக்குற மாதிரி.

மூர்த்திகிட்ட மறுபடி போனேன். இன்னும் இருக்குப்பா, கேக்குதான்னேன். கண்ண மூடிகிட்டு அப்படியே நின்னான். ஆமா சார், லேசா இருக்குன்னான். வயர மாத்துனான். இப்பன்னேன். கொறஞ்சிருக்கு சார், ஆனா இருக்குன்னான். பில்டர்னு ஒண்ணு போட்டான். பாட்டுப் பெட்டிய மாத்துனான். எஞ்சின்ல கரண்ட் எடுக்குற சாமானையே கழட்டி வேற போட்டான். ஒவ்வொரு தடவயும் கண்ண மூடுவான், தலைய ஆட்டுவான், இருக்கு சார். போதாதுன்னு கோயில் செயலாளர ஏத்தினேன், கேக்குதுன்னாரு. செடெனாக்ல என் பழைய மாணவன் ஒருத்தன், இப்ப எஸ்டேட்ல மேனேஜரு, அவன ஏத்தினேன். நல்லாக் கேக்குது சார், எப்படி இதோட ஓட்டுறீங்கன்னான். பிரேமகுமார், வாங்கிக் குடுத்தவனே, அத்தான் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னான். ஊரே கேக்குதுங்குது. ஒருத்தனுக்கும் எடுக்கத் தெரியல. எவ்வளவு எரிச்சல் வரும்னு நெனச்சுப் பாருங்க. வியாதி இருக்குன்னு பத்து டாக்டர் சொல்றான், மருந்து எவன்கிட்டயும் இல்ல.

கேக்கலன்னு சொன்னது ஒரே ஆளு. கஸ்தூரி. எனக்கு ஒண்ணும் கேக்கல, நீங்களா எதையாச்சும் நெனச்சுக்காதீங்கன்னுட்டா. அவ எப்பவும் அப்படித்தான். நான் கெழக்குன்னா அவ மேற்கு. டிவி சத்தத்த இப்பல்லாம் கொறச்சே வைக்கிறா, ஒரு வார்த்த புரியாது. கேட்டா, நான் கொறைக்கவே இல்லங்கறா. எங்க மக வாசுகி மெல்பர்ன்லேர்ந்து போன் பண்ணுறா, வாய்க்குள்ளயே முணுமுணுக்குறா. தெளிவாப் பேசும்மான்னா, அம்மாகிட்ட குடுங்கப்பாங்கறா. இந்தக் காலத்துப் பிள்ளைங்க யாருக்கும் வாயத் தொறந்து பேச வரல.

நீங்க தேவலாம். நல்லா உரக்கப் பேசுறீங்க. பேக்டரிப் பழக்கமா? அப்படித்தான் இருக்கும்.

ஓரம் குத்துதா? துண்டு சுத்தித்தான் வச்சிருக்கேன். கொஞ்சம் திருப்பி வச்சுக்கங்க. ஆங், அப்படி.

போட்டியச் சொன்னேன்ல. வட்டார அளவுல எங்க ரெங்கத்துலயே வச்சாங்க. லோஷினின்னு ஒரு பிள்ள பாடுச்சு. பண்ணு சுத்தம், சொல்லு சுத்தம். ஆனா மேல போனப்ப சுருதிப் பெட்டியோட ஒட்டல. ரெண்டு சுருதி பக்கத்துப் பக்கத்துல நின்னா ஒரு அலை அடிக்கும், வ்வூம் வ்வூம்னு. பிசிக்ஸ்ல அதுக்கு ஒரு பாடமே இருக்கு. அந்த அலை எனக்குக் கேட்டுச்சு. மார்க்க வெட்டுனேன். ரூபேந்திரன்னு கூட ஒரு நீதிபதி, சிலோன்காரரு, ரயில்வேல பெரிய உத்தியோகம் பாத்தவரு. அவரு அந்தப் பிள்ளைக்கு முழுசாப் போட்டிருக்காரு. என்ன விஜயன், பிள்ள இழைச்ச மாதிரிப் பாடுது, நீங்க என்ன இப்படிப் போட்டிருக்கீங்கன்னு எல்லாரு முன்னாலயும் கேட்டாரு. எனக்குக் கேட்டது உங்களுக்குக் கேக்கலன்னா நான் என்ன செய்யறதுன்னேன். மத்தவங்க, வாத்தியார் சொன்னாச் சரிதான்னு விட்டுட்டாங்க. நானும் ஜெயிச்ச மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

பிள்ள ரெண்டாவதா வந்து இன்னிக்கு இங்க பாடுது. நான்தான் மறுபடி சுருதிக்கு, ரூபேந்திரனும் கூட உக்கார்றாரு.

மழ விட்டுருச்சு பாருங்க. இந்த பெட்ரோல் ஸ்டேஷன் ஓரமா நிறுத்துறேன். இல்ல, எண்ண போட இல்ல. குளுவாங் எல்ல வந்துருச்சு, இனிமே டவுனு சத்தம். கண்ணாடிய ஏத்துங்க, முழுசா. எஞ்சின் ஓடட்டும். ஏர்கோன அடைச்சுட்டேன். பேசாம ஒரு நிமிசம் இருங்க.

கேக்குதா?

அவசரமில்ல. கண்ண மூடிக்கணும்னா மூடிக்கங்க. எல்லாரும் மூடிக்குவாங்க.

கேக்குதா. லேசாவா. அப்படியா.

நெசமாத்தானே? உங்களுக்கு என்னத் தெரியாது, நான் உங்களுக்குப் படிச்சுக் குடுத்ததில்ல, உங்க அப்பாவ எனக்குத் தெரியாது. ரோட்டுல நின்னீங்க, ஏத்துனேன். எனக்காக எதையும் சொல்லணும்னு இல்ல. கேக்குதா? சரி. நீங்க சொல்றது உண்மைன்னா என் வயித்துல பால வாத்தீங்க தம்பி. அது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குத் தெரியாது. அப்ப ஒண்ணு செய்யுங்க. அந்தச் சுருதிய அப்படியே ம்ம்னு பாடிக் காட்டுங்க. வெக்கப்படாதீங்க, காடிக்குள்ள யாரு இருக்கா. பாடகரா இருக்க வேணாம், கேக்குறத அப்படியே ம்ம்னா போதும்.

ம். இன்னொரு தடவ.

அது எஞ்சின் உறுமுறது தம்பி. நான் கேக்குறது அதுக்கு ரொம்ப மேல. விசிலு மாதிரி. ஆங், இப்ப நான் சொன்னதும் மேல போறீங்க. இந்தா, இப்ப வேற எங்கேயோ போறீங்க. மூணு தடவ மூணு எடம். வகுப்புல இதத்தான் நான் பாத்துகிட்டே இருந்தேன். புரிஞ்சுதான்னு கேப்பேன், மொத்த வகுப்பும் தலைய ஆட்டும். ஒருத்தன எழுப்பி, சரி நீ சொல்லுன்னா முழிப்பான். அந்தத் தலையாட்டு எனக்குத் தெரியாதா? நெல்லு வெளைஞ்சு சாயறதும் காத்துல சாயறதும் ஒண்ணான்னு திட்டுவேன். அப்படித் திட்டுனவன், எனக்குன்னு வந்தப்ப ஒவ்வொரு தலையாட்டையும் எடுத்துப் பையில போட்டுகிட்டேன்.

கோவமெல்லாம் இல்ல தம்பி, ஒக்காருங்க. பெரியவங்க ஒண்ணு கேட்டா ஆமான்னு சொல்லணும்னு உங்க வீட்டுல வளத்திருக்காங்க. நல்ல வளப்பு. லிப்டு குடுத்தவர்கிட்ட இல்லன்னு சொல்ல மனசு வரல. மூர்த்திக்கும் அதான், மேனேஜருக்கும் அதான். எல்லாரும் எம்மேல மரியாத வச்சுத்தான் என்ன இந்தப் பாடு படுத்தியிருக்காங்க. இனிமே ஆமான்னு சொன்னாத்தான் எனக்குக் கோவம் வரும். இப்ப எஞ்சின அடைக்கிறேன். சாவியும் எடுத்துட்டேன், இந்தா பாருங்க கையில இருக்கு. இப்பச் சொல்லுங்க. ஏதாச்சும் கேக்குதா?

ரோட்டுல போற லாரி. அது சரி, எனக்கும் கேக்குது. அது தவிர?

ஒண்ணுமில்ல.

நன்றி தம்பி. நெசமாத்தான் சொல்றேன். இத்தன நாள்ல வீட்டுக்கு வெளிய எனக்குக் கெடச்ச மொத ‘இல்ல’ இதுதான்.

எனக்கா? எனக்குக் கேக்குது. அதே எடத்துலதான் நிக்குது, மேல் பஞ்சமத்துக்கு மயிரிழ கீழ.

குனிஞ்சு சீட்டுக்கு அடியில என்ன தேடுறீங்க? அங்க இருக்காது. அதுக்கு எடம் அங்கதான்னு சொன்னேனே தவிர, இருக்குன்னு சொல்லல. காலையிலயே வயர வெட்டிக் கழட்டிட்டேன். ரெங்கத்துலேர்ந்து நீங்க மடியில வச்சிருக்கீங்கல்ல, அந்தத் துண்ட வெலக்கிப் பாருங்க. சீப்பு மாதிரி பல்லு, அதான் உங்களக் குத்துனது. நல்ல ஆம்ப் தம்பி. அதுல ஒரு கொறையும் இல்ல. மூர்த்தி எர்த் முறுக்குன அன்னிக்கே அது சரியாப் போச்சு. அதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரும் ரிப்பேர் பண்ணுனதெல்லாம், இல்லாத வியாதிக்கு.

கழட்டியும் கேட்டப்ப எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. இருந்தாலும் காடில வேற எதாச்சும் கத்தலாமில்லன்னு ஒரு நப்பாச. கஸ்தூரி வாசல்ல நின்னு சொன்னா, நான் சொன்னா எடுத்துக்க மாட்டீங்க, நம்மளத் தெரியாத ஒரு ஆள்கிட்டக் கேளுங்க, அவராச்சும் உண்மையச் சொல்வாருன்னு. போற வழியில தெரியாத ஆளுக்கு எங்க போறதுன்னுதான் வந்தேன். நீங்க மோட்டாரத் தள்ளிகிட்டு நின்னீங்க. ஏறுனதும் காது டெஸ்ட்னு வேற சொன்னீங்க. அதான் ரெண்டு காதும் பாஸான்னு கேட்டேன்.

ஆக, அன்னிக்கு அந்தப் பிள்ள சுருதில நின்னு பாடுச்சோ இல்லையோ, அத என்னால சொல்ல முடியாது. இருந்த அலை அங்க அடிச்சுதா இங்க, என் காதுக்குள்ள அடிச்சுதான்னே தெரியாது. கோப்பைய எறக்கி வச்சுட்டு ரூபேந்திரன்கிட்ட நேரா போயி, சுருதிக்கும் நீங்களே போட்டுருங்க, எனக்குக் காது சரியில்லன்னு சொல்லிருவேன். அவரு ஒரு சிரிப்பு சிரிப்பாரு. அது கேக்காதுங்கறது ஒண்ணுதான் இதுல லாபம்.

அது கூடப் பரவால்ல. நீங்க எறங்குறதுக்கு முன்னால ஒரு ஒதவி. இந்தாங்க என் போனு. மொதப் பேரே கஸ்தூரிதான், அமுக்குனாப் போதும். அவ எடுத்ததும், நீங்க சொன்னதுதான் சரிக்கா, ஜோகூர்பாருல நீங்க பாத்து வச்சிருக்கிற அந்தக் காது டாக்டருக்கு நாள் வாங்கிருங்கன்னு சொல்லிருங்க. இல்ல தம்பி, நீங்களே பேசுங்க. போன்ல அவ சொல்றது எனக்கு இப்பல்லாம் ஒண்ணுமே கேக்கறதில்ல.